பல்கலைக்கழக வாசலில் விரிந்த சேலைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஜனவரி மாதக் கடைசியில் லண்டனில் நடந்தது இது. விம்பிள்டனில் இருக்கும் நான், முப்பத்தெட்டு வயதில் தாதியர் படிப்புக்குச் சேர்ந்து, என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு பல்கலைக்கழகம் போய் வந்துகொண்டிருந்தேன். அன்று காலை எனக்குப் பரீட்சை. தவறினால் அந்த வருடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வாசல் பக்கம் திரும்பினால், நடைபாதையில் ஆளுயரப் பதாகைகள். கருக்கலைப்புக்கு எதிராகப் பிரசாரம் செய்யும் குழுவொன்று வாசலின் இரண்டு பக்கமும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் படங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதற்கு முந்தைய கோடையில், ஐந்தாம் மாதத்தில், எங்கள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அந்தச் சின்ன உடம்பைக் கையில் வாங்கியவள் நான். அதையே யாரோ பெரிதாக்கித் தெருவில் வைத்துவிட்டது போல இருந்தது.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை தவறவிடாத ஆள் நான். அவர்களுடைய நம்பிக்கையில் பாதி எனக்கும் உண்டு. அதனால் என்ன? கால் நகரவில்லை. கணவருக்குப் போன் எடுத்து, "என்னால உள்ளுக்குப் போக ஏலாதப்பா" என்று சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"நீர் அங்கையே நில்லும், நான் வாறன்" என்றார் அவர். வேலையிடத்திலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் பரீட்சை தொடங்கிவிடும்.

அப்போது பின்னால் ஒரு குரல். "அன்ரி, ஆர் யூ ஓகே?"

திரும்பினேன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும் ஒரு பெண். என் தமிழ் காதில் விழுந்திருக்கிறது. கையில் பெரிய சூட்கேஸ்.

"சோதினை இருக்குப் பிள்ளை. இதுகளைப் பாத்துக்கொண்டு போக ஏலாமல் கிடக்கு."

அவள் பதாகைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டூ மினிட்ஸ் அன்ரி, போயிடாதேங்கோ" என்றவள், நடைபாதையிலேயே சூட்கேஸைத் திறந்தாள். உள்ளே முழுக்கச் சேலைகள்! அன்று மாலை தமிழ் மாணவர்களின் பொங்கல் விழா. நடனத்துக்காக வீடு வீடாகக் கேட்டு வாங்கியவையாம். அவள் போனில் ஏதோ சொல்ல, உள்ளேயிருந்து அவளுடைய கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேலைகளை விரித்து, பதாகைகளை மறைத்து உயர்த்திப் பிடித்தார்கள். மாம்பழ மஞ்சள், மயில் நீலம், கத்தரிப்பூ நிறம். கை போதாமல் போக, வழியால் போன வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஹிஜாப் அணிந்த இரண்டு மாணவிகளும் முந்தானைகளைப் பிடித்தார்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசல்வரை, பட்டுச் சுவர்களுக்கு நடுவே நடந்து போக ஓர் ஒழுங்கை!

"கவனம்! அந்தச் சிவப்பு, அம்மாவின்ர கூறை. கிழிஞ்சால் நான் செத்தன்!" என்று அவள் கத்தினாள். அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கல்யாணச் சேலையையே தூக்கி வந்திருக்கிறாள்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு காற்று அடித்தது. கூறைச்சேலை பறந்து போய், பதாகை பிடித்திருந்த வயதான மனிதர் ஒருவரின் தலையில் முக்காடாக விழுந்தது. பட்டுக்குள்ளிருந்து முதலில் சிரித்தது அவர்தான். பிறகு தெருவே சிரித்தது. அழுத கண்ணோடு நானும்.

சேலையை வாங்கப் போனவள் நானே. அவர் அதைப் பதாகைக் கம்பில் மாட்டாமல் பக்குவமாக எடுத்து, மடித்துக் கொடுத்தார். என்ன தோன்றியதோ, என் பிள்ளையை இழந்த கதையை இரண்டே வசனத்தில் அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டார். தன் கொள்கையை விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் உள்ளே போகும்வரை தன் பதாகையை மதில் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

பட்டு ஒழுங்கைக்குள்ளால் நான் நடந்தபோது, யாரோ போனில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள். "அன்ரிக்குக் கலியாணம்!" என்று ஒரே ஆரவாரம். சிரித்துக்கொண்டே பரீட்சை மண்டபத்துக்குள் போன ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன். பரீட்சையில் தேறியும்விட்டேன்.

காலையில் ஓடி வந்து வாசலிலேயே காத்திருந்த கணவரோடு மாலையில் விழாவுக்குப் போனேன். அங்கே போனால், அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட ஒழுங்காகச் சேலை உடுத்தத் தெரியவில்லை! ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, அத்தனை பேருக்கும் கொசுவம் வைத்து உடுத்திவிட்டேன். கூறை கிழியவில்லை. அவர்கள் ஆட, முன்வரிசையில் என் கணவரோடு இருந்து கை வலிக்கத் தட்டினேன்.

காலையில் ஏன் அழுதேன் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் கேட்கவேயில்லை. நான் எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. இன்று தாதியாக வேலை செய்யும் வார்டில் ஒரு பெண் அழுதால், நான் முதலில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுகிறேன். காரணத்தை அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.