குரல் இருந்த பக்கம்

என் வலது காது கேட்காது. ஏழு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இருபத்தாறு வயது வரை அது எங்கள் வீட்டு ரகசியம்.

ஒற்றைக் காதில் சௌகரியமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். பூஜை நாட்களில் எங்கள் காளிகாட் சந்தில் ஒலிபெருக்கி விடிய விடிய அலறும். தெருவே தூக்கமில்லாமல் புரளும்போது, நான் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவேன். துறைமுக ஆபீசுக்குக் காலையில் எழுந்து ஓட வேண்டிய அப்பாவுக்கு என்மேல் அப்படியொரு பொறாமை.

முதலில் வந்த வரனிடம் அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அதன் பிறகு அம்மா அப்பாவின் வாயைக் கட்டிப்போட்டு, பெண் பார்க்கும் காரியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கூடத்தில் என் நாற்காலியை வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

“ஏட்டி, கேக்கலைன்னா முழிக்காத. லேசா சிரிச்சிட்டு தலையை ஆட்டு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்பாள். கொல்கத்தாவில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. “கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிரும்.”

“எது, காதா?” என்று கேட்டேன்.

“காதுல எடுத்ததையும் சேத்து வாயில குடுத்திருக்கான் ஆண்டவன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அம்மாமேல் கோபம்தான். ஆனால் ராத்திரி சமையலறையில் தனியாக உட்கார்ந்து அவள் மூக்கை உறிஞ்சுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் சிரித்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாலிகஞ்சிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தார். மத்திய அரசு வேலை, பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்தப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில். தமிழ் பேசுவார், ஆனால் ஆச்சரியப்படுவதும் வருத்தப்படுவதும் வங்காளத்தில்தான். கேசரியை மடியில் சிந்திக்கொண்டு “ஈஷ்!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கண்ணால் அதட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய அம்மாவே பேச்சைத் தொடங்கினார். “கரியாஹாட்ல ஒரு கேசட் வாங்கணும்னு காலையில இருந்து அரிச்சுக்கிட்டு இருக்கான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பாடுறது. இருந்த கேசட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு டேப்பே அந்துபோச்சு. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டுமே. ரெண்டு பேரும் பேசிப் பாத்துக்கிடட்டும்.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தெருவில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை அவளால் ஏற்பாடு செய்ய முடியாதே! ஆனால் அப்பா அதற்குள் “தாராளமா” என்று சொல்லிவிட்டார்.

சந்துமுனையைத் தாண்டி டிராம் ஏறும் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் வலது பக்கம் வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து மறுபக்கம் போனேன். பூக்கடை குறுக்கே வந்தது, இடம் மாறிவிட்டது. மறுபடி ஒரு கைவண்டியைச் சாக்காக வைத்து மாறினேன். இந்தப் பெண்ணுக்கு நேராக நடக்கவே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். டிராமில், “நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க” என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். ஜன்னல் எனக்கு இடது பக்கம். அவர் வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்தார். போச்சு.

டிராம் கடகடவென்று உலுக்கிக்கொண்டு போயிற்று. அவர் நடுவில் என்னவோ சொன்னார். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் லேசாகச் சிரித்துத் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏதோ நல்ல இடத்தில்தான் தலையாட்டியிருக்கிறோம் என்று தைரியமாக இருந்தேன்.

கேசட் கடை, துணிக்கடைக்கு மேலே ஒரு குறுகலான மாடிப்படி ஏறியதும் இருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லாருக்கும் அவர் தாதா. மேஜைமேல் ஒரு பிளேயரும் அதில் மாட்டிய இரண்டு ஹெட்போன்களும். வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க, பிரித்த கேசட்டுகளைத் தனியாக வைத்திருந்தார்கள்.

அந்தப் பாடகரின் பெயரைச் சொன்னதும் தாதா நான்கு கேசட்டுகளை எடுத்து அடுக்கினார். நான்கும் ‘மிகச் சிறந்த பாடல்கள்’.

“ஒரே ஆளுக்கு எதுக்கு நாலு மிகச் சிறந்தது?” என்று கேட்டேன்.

“ஆரே, அதைக் கேளுங்க!” என்று என்னோடு வந்தவர் உற்சாகமாகிவிட்டார். ஒன்று, பாடகர் கிழவரான பிறகு அதே பாட்டுகளைத் திரும்பப் பாடியது, குரல் போய்விட்டதாம். இன்னொன்று கச்சேரியில் பிடித்தது. பாட்டைவிட விசில் சத்தம் அதிகமாம். மூன்றாவது பழைய கேசட், அட்டைப்படமே அழுதுவடிந்தது. அதில் அவருக்கு உயிரான ஒரு பாட்டு இல்லையாம். நான்காவது பளபளவென்று இருந்தது. எல்லாப் பாட்டும் உண்டு. அதை வாங்கத்தான் வந்திருக்கிறார்.

“முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு நான்?”

“நான் பைத்தியம். எனக்கு எல்லாம் பிடிக்கும். கேக்காத காது கேட்டுச் சொன்னாத்தான் நிஜம் தெரியும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதுவரை அந்தப் பாடகரைக் கேட்காத காது என்று சொல்லியிருக்கிறார், பாவம்.

பளபள கேசட்டைப் போட்டார். ஒரு ஹெட்போனை நானும் மற்றதை அவரும் மாட்டிக்கொண்டோம். டிரம் சத்தம் வந்தது. ஒரு கிடார் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இப்போது பாடுவார், இப்போது பாடுவார் என்று காத்திருந்தேன். கிடார் போய்க்கொண்டே இருந்தது. எதிரே பார்த்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருக்கிறார்! வரிக்கு வரி பாடகரோடு சேர்ந்து சத்தமில்லாமல் பாடுகிறார். என் காதில் பாடகரே இல்லை.

பாட்டு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குழந்தை மாதிரி கேட்டார். “குரல் எப்படி?”

சிரித்துத் தலையாட்டியிருக்கலாம். ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை போதும். அம்மா அதற்காகத்தானே இத்தனை வருஷம் பழக்கியிருக்கிறாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பரிதாபத்தால் அல்ல, ஆத்திரத்தால்தான். இன்றைக்கு ஒரு பாட்டுக்குத் தலையாட்டினால் இனி ஆயுசுக்கும் இவர் போடுகிற பாட்டுக்கெல்லாம் தலையாட்ட வேண்டுமே என்று பற்றிக்கொண்டு வந்தது.

“யாருமே பாடலையே” என்றேன்.

அவர் என் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தார். “பாடுறாரே!” என்றார். தாதா எழுந்து வந்து, வயரை ஆட்டிப் பார்த்து, தன் ஹெட்போன்மேல் பழி வந்த வருத்தத்தில், “டீக்கி தோ ஆச்சே, தீதி” என்றார்.

“ஹெட்போன் சரியாத்தான் இருக்கு” என்றேன். “எனக்குத்தான் வலது காது கேக்காது. சுத்தமா.”

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, வலது பக்கத்தை மட்டும் காதிலிருந்து தூக்கினார். பிறகு அதை வைத்துவிட்டு இடது பக்கத்தைத் தூக்கினார். “ஏக் மினிட்” என்று சொல்லிவிட்டு மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், இதுவும் காபி குடித்துவிட்டுப் போகிற கூட்டம்தான் என்று நினைத்தேன். வருத்தம்தான். சந்தோஷமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும்போது செருப்பைச் சரிசெய்ய வேண்டாம். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால், மனிதர் வலது காதில் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, அதன்மேல் ஹெட்போனை அழுத்திப் பிடித்து, மற்ற மூன்று கேசட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தாதா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கடைசியில் அந்த அழுதுவடிந்த கேசட்டோடு வந்தார். “அந்தப் புது கேசட்ல, அந்தக் காலத்து ஸ்டீரியோவை அப்படியே வச்சிருக்கான். வாத்தியம் எல்லாம் இடது பக்கம், குரல் மொத்தமும் வலது பக்கம். இத்தனை வருஷம் கேட்டிருக்கேன், இன்னைக்குத்தான் கவனிக்கிறேன். இது அதுக்கும் முந்தி பண்ணினது. ரெண்டு பக்கமும் எல்லாம் வரும். மாட்டிப் பாருங்க.”

மாட்டினேன். அதே டிரம், அதே கிடார். பிறகு அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதர் பாடினார். கரகரத்த, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த குரல். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

“குரல் எப்படி?” என்று மறுபடி கேட்டார்.

“ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றேன். அவர் கடகடவென்று சிரித்தார்.

“ஆனா இதுல உங்க உயிர்ப் பாட்டு இல்லையே. நீங்க ஆசைப்பட்டு வந்ததை வாங்குங்க” என்று சொன்னேன்.

“அதை நான் மனசுக்குள்ள பாடிக்கிறேன். இதை ரெண்டு பேரும் கேக்கலாம்” என்று தாதாவிடம் அதையே கட்டச் சொன்னார். அப்போதுதான் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. “ஒரு நிமிஷம்! அப்போ டிராம்ல நான் கேட்டது?”

“காதுல விழலை.”

“தலையாட்டினீங்களே!”

“அது எங்கம்மா சொல்லிக் குடுத்தது. என்ன கேட்டீங்க?”

“ஈஷ்!” என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். நீங்க தலையாட்டினதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சரி, இப்போ திரும்பக் கேக்கவா?”

“வேண்டாம். முதல்ல உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன். அதுக்கப்புறமும் கேக்கணும்னு தோணிச்சுன்னா கேளுங்க.”

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது. காற்றுக்காக நாற்காலிகளை எல்லாம் பால்கனிப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். அம்மாவின் ஏற்பாடு தலைகீழாகக் கிடந்தது. மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருடைய அம்மா எனக்கு வலது பக்கம் இருந்தார். அம்மா எதிரே இருந்து கண்ணாலேயே என்னை எழுப்பப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

வலது பக்கத்தில் வளையல் அசைந்தது. அந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்கிறார். நான் திரும்புவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “ஓ, பாடுவாளே! கீர்த்தனை எல்லாம் நல்லாப் பாடுவா.”

கடைக்குக் கூட்டிப் போனவர் என்னைப் பார்த்தார். கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அத்தை, நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை” என்றேன். “எனக்கு வலது காது கேக்காது. சின்ன வயசிலேயே போயிருச்சு. அம்மா பயந்துட்டு உங்ககிட்டச் சொல்லலை.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

அவருடைய அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “எந்தக் காதும்மா, இந்தப் பக்கமா?” என்று தன் பக்கத்தைக் காட்டினார். ஆமாம் என்றேன். முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்து, இடது பக்க நாற்காலியிலிருந்த அப்பாவை எழுப்பிவிட்டு, அங்கே உட்கார்ந்தார்.

“இதை முதல்லயே சொன்னா மாறி உக்காந்திருப்பேன்ல? நான் பாட்டுக்கு சுவத்துகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். உனக்குப் பாடத் தெரியுமான்னு கேட்டேன்.”

“சுத்தமாத் தெரியாது அத்தை.”

“நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல ஒருத்தன் கத்துறதே போதும்.”

அம்மா விசும்பிக்கொண்டே இன்னும் கொஞ்சம் காபி போட உள்ளே போனாள். பெரியவர்கள் கரண்ட் எப்போது வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து, கொஞ்சம் குனிந்து, டிராமில் கேட்டதையே மறுபடி கேட்டார். இந்த முறை காதில் வாங்கிக்கொண்டுதான் தலையாட்டினேன்.