பாட்டுக்கு முந்தின தட்டு

காய்ந்த இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று அடித்தாற்போல இருக்கும், என் அப்பா கைதட்டுகிற சத்தம். கொத்தனார் வேலை பார்த்த கை அது. சிமெண்டு தின்று தின்று உள்ளங்கைத் தோல் தடித்துப்போயிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நூறு பேர் சேர்ந்து தட்டினாலும் அப்பாவின் தட்டு தனியாகக் கேட்கும்.

அப்பா பிறந்தது பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகுதான் கோட்டாறு பக்கம் எங்கள் ஊருக்குக் குடிவந்தார். அவர் ஊர்ச் சபையில் கீர்த்தனை பாடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வெறுமனே ஒரு தட்டு விழும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதற்கு அரைத்தட்டு தள்ளித்தான் பாட்டை எடுப்பார்கள். "பாட்டுக்கு முன்ன ஒரு மூச்சு விடணும்லா" என்பார் அப்பா. எங்கள் சபையிலோ அப்போதுதான் 'கீபோர்டு' வந்திருந்தது. அதை வாசித்த அண்ணன், முதல் சொல்லும் முதல் தட்டும் ஒன்றாக விழும்படிதான் எல்லாப் பாட்டையும் தொடங்குவார். அதனால் சபை முழுக்க அமைதியாக இருக்கும்போது அப்பாவின் தட்டு மட்டும் 'டப்' என்று விழும். பிறகும் கடைசிச் சரணம் வரைக்கும், ஊரார் தட்டு ஒரு பக்கம், அப்பா தட்டு ஒரு பக்கம்.

எனக்கு அப்போது பத்து வயது. பின்வரிசைப் பயல்கள் என் முதுகைச் சுரண்டி, "லேய், ஒங்கப்பா கொசு அடிக்காராலே?" என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் 'கொசுவடி' என்று என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அப்பா தாளம் தெரியாதவர் என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று, வாழைக்குலையும் தேங்காயும் ஆலயத்தின் முன்னால் குவிந்து கிடக்க, அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனையைச் சொன்னார்கள். அவர் கையைத் தூக்கினார். நான் எட்டி அந்தக் கையைப் பிடித்து என் மடிக்கு இழுத்து, "தட்டாதீங்கப்பா, எல்லாரும் சிரிக்காவ" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பாட்டு முடிகிற வரை அது என் மடியிலேயே கிடந்தது. அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா பிறந்த ஊருக்குப் போனோம். அங்கே கீபோர்டு கிடையாது. கீர்த்தனையின் எண்ணைச் சொன்னதும் ஒரு அமைதி; பிறகு ஆணும் பெண்ணுமாக மொத்தச் சபையும் ஒரே தட்டு. அதன் பிறகுதான் பாட்டு எழும்பியது, அத்தனை பேருக்கும் ஒரே வாயாக. அத்தனையும் அப்பா தட்டுகிற அதே தட்டு. தப்பாகத் தட்டியவர் அவர் இல்லை என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் கைதட்டாமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். பக்கத்தில் இருந்த பெரியப்பா விலாவில் இடித்து, "என்னலே, டவுனுக்குப் போனதும் கையைக் கழத்தி வச்சிட்டியா?" என்றார். "சிமெண்டு கடிச்சிருக்கு அண்ணே, எரியுது" என்றார் அப்பா. நான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். ஒரு புண்ணும் இல்லை. எனக்காக ஆலயத்துக்குள் உட்கார்ந்து பொய் சொன்னார். "தட்டுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான் என்று தெரிந்தால் பெரியப்பா திட்டுவாரோ என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அதன் பிறகு அவர் எந்தச் சபையிலும் தட்டி நான் பார்க்கவில்லை. போன வருஷம் அவரை அடக்கம் செய்த அன்று அவருக்குப் பிடித்த அதே கீர்த்தனையைப் பாடினார்கள். பாட்டுக்கு முன்னால் அந்த ஒரு தட்டைத் தட்டிவிட வேண்டும் என்று கையைத் தூக்கினேன். ஊரே நின்றுகொண்டிருந்தது. கையைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்போது அப்பாவின் ஊரிலும் கீபோர்டு வந்துவிட்டது, முதல் தட்டிலேயே பாட்டு தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் மட்டும் நான் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பாட்டை எடுக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தட்டினால் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கையை மட்டும் பிடித்துவிடாதீர்கள்.