சம்பாத்தியமும் சம்பாத்யமும்

கர்க்கடக மாதம், நம் ஆடி, பிறந்த வாரம், செவ்வாய்க்கிழமை, மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு வருமானக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். மாவட்டத்து வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று காக்கநாட்டு மாவட்ட ஆபீசில் கணக்கிடப் போகிறார்கள் என்றாள். அந்தத் தொகையில் பாதிகூட வராத வீடுகளுக்குத்தான் இனிமேல் சிகிச்சை உதவி. அவளுக்குத் தமிழ் வராது. தமிழ் பேசும் வீடுகளுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

பின்வீட்டுக்காரி ஒப்பந்தத்தில் தெரு கூட்டுகிறவள். கணவர் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். சிறுநீரகம் கெட்டபின் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அந்த உதவியில்தான் அது நடந்துகொண்டிருந்தது.

"எனக்கெதுக்கக்கா ஆளு?" என்று அவள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நான் படிச்சது மலையாளப் பள்ளிக்கூடம். நீங்க பேசுற மலையாளத்தக் கேட்டு மீன்கார சேட்டன் சிரிக்கான். வேணும்னா எங்கிட்ட டியூஷன் வாங்க."

உள்ளே கட்டிலில் இருந்த கணவரும் சிரித்தார். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த சிங்கம் மாதம் முடிவதற்குள் உதவிப் பட்டியல் வந்தது. அதில் அவர்கள் வீடு இல்லை. வார்டு ஆபீசுக்கு நானும் அவளும் போனோம். கணக்கெடுத்த பெண் அங்கேதான் இருந்தாள். டேப்லெட்டில் தேடிப் பார்த்து, இந்த வீட்டுக்கு மாத வருமானம் முப்பதாயிரம் என்றாள்.

"மோளே, நான் பன்னிரண்டுன்னுதானே பறஞ்சேன்?"

"அது சம்பாத்யம் அல்லே சேச்சி?"

"அதே. என் சம்பாத்தியம்தான்."

இருவரும் சொன்னது ஒரே சொல். ஏதோ தீர்ந்துவிட்டது போல ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் வீடுகளில் சம்பாத்தியம் என்றால் உழைத்து ஈட்டுவது. மலையாளத்தில் சம்பாத்யம் என்றால் சேர்த்து வைத்தது. மாதாமாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று இவள் காதில் விழுந்திருக்கிறது. பள்ளியில் மலையாளம் படித்தவள்தான். ஆனால் இந்தச் சொல்லை அதற்கு முன்பே வீட்டில் கற்றிருந்தாள்.

பிறகு வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது, அதுதான் சொன்னேனே, பன்னிரண்டு என்றிருக்கிறாள். வருமானத்தை எல்லோரும் குறைத்தே சொல்வார்கள், சேமிப்பை வைத்துச் சரிபாருங்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வருவது முழுவதையும் ஒருவர் சேமிக்க முடியுமா? பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிக்கிற வீட்டில் முப்பதாயிரமாவது வரவேண்டும். அவள் யோசித்ததில் பிசகு இல்லை.

விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவளால் இனித் திருத்த முடியாது. கணக்கு காக்கநாட்டுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார், முழுக்கக் கேட்டார். இப்படி ஒரு வீட்டில் தப்பினால் மாவட்டக் கணக்கு கெட்டுவிடுமோ என்று பயப்படவேண்டாம் என்றார். சராசரி என்றால் கொஞ்சம் நகரும், மீடியன், அதாவது அந்த நட்டநடு வீட்டுத் தொகை, அப்படியே நிற்கும். அதனால்தான் அதை எடுக்கிறோம் என்று ஒரு தாளில் புள்ளிகள் வைத்துக் காட்டினார்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல என் வீடு எது சார்?"

அவர் ஒரு புள்ளியைத் தொட்டார். பிறகு, இது சும்மா உதாரணத்துக்கு என்றார். மறுபரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொண்டார். ஆள் வருவார், முறைப்படி வர நாளாகும்.

கன்னி மாதத்திலிருந்து டயாலிசிஸ் வாரம் ஒன்றானது. அதற்கே கம்மலும் மிக்சியும் போயின. தெருவில் நாங்கள் சிலர் கொடுத்தது சில வாரங்களுக்கு வந்தது. அவருக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். "பாத்தீங்களா அக்கா, முப்பதாயிரம் ரூபா வீட்டு ஆளுக்கு உடம்பு தடிச்சிருக்கு" என்பார். துலா மாதத்து மழை தொடங்கிய வாரத்தில், ஒரு மத்தியானம், மூச்சுத் திணறி இறந்தார். சுடுகாட்டிலும் மழை.

மறுபரிசோதனைக்கு வேறொருவர் வந்தது அதற்குப் பிறகு. இந்த முறை அவளே என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"சம்பாத்யம் வல்லதும் உண்டோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சேத்து வச்சிருக்கியான்னு கேக்கறார்" என்றேன்.

"ஒண்ணுமில்ல சாரே."

வருமானம் பன்னிரண்டாயிரம் என்று சரியாகவே எழுதிக்கொண்டார். அடுத்து, வீட்டில் எத்தனை பேர் என்றார். அந்தக் கேள்வி எந்த மொழியிலும் ஒன்றுதான். அவள் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்தபடியே காத்திருந்தார்.

தனு மாதத்தில் திருத்திய பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அவர்கள் வீடு அதில் இருந்தது, சிகிச்சை உதவிக்குத் தகுதி என்று. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.