கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர்

கள்ளக்குறிச்சியில் ஒரு மனு பிழையில்லாமல் எழுதப்பட வேண்டுமானால் என் வீட்டுக்கு வரவேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தர்க்கம் எனக்கு விருப்பமான பாடம். மனுவுக்காக யாரிடமும் எதையும் பெற்றுக்கொண்டதில்லை. எழுதி வாங்கிக்கொண்டு படியிறங்குகிறவர்கள், "சாரு எழுதினா ஆபீஸ்ல திருப்பமாட்டாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போவது உள்ளே எனக்குக் கேட்கும். அது போதும். ஒரே ஒரு மனு திரும்பி வந்ததுண்டு. அலுவலகத்தாரின் கவனக்குறைவு என்று சொல்லி அனுப்பினேன். தவறு என்னுடையது; அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டிலிருந்து படியில் அந்தக் குரல் இல்லை. எல்லோரும் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள் என்று அறிந்தேன். கடைக்காரர் என் பழைய மாணவர். வருகிறவர் சொல்வதை அவர் கைபேசியில் சொல்கிறார். அதிலுள்ள ஏஐ மனுவை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதன் தமிழும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு வந்தது பொறாமைதான். வேறு பெயர் சொல்லி அதைக் கௌரவப்படுத்த விரும்பவில்லை.

ஒரு காலை என் ஓய்வூதியப் புத்தகத்தை நகலெடுக்க அந்தக் கடைக்குப் போனேன். நகல் எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். பிறந்த ஊர் தியாகதுருகம் பக்கம். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகே ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. தகப்பனார் இறந்துவிட்டார், தாயார் அதற்கு முன்பே காலமானவர். வாரிசுச் சான்றுக்கு மனு வேண்டும். அது இல்லாமல் தகப்பனாரின் வீட்டில் அவருக்குள்ள பங்கைக் கேட்க வழியில்லை.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆறு பேருங்க. நாலு அண்ணன், ரெண்டு தங்கச்சி."

பெயர்களையும் சொன்னார். கடைக்காரர் அத்தனையையும் கைபேசியில் ஒப்பித்தார். நான் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பதற்குள் மனு அச்சாகி வெளியே வந்துவிட்டது. எட்டிப் படித்தேன். குற்றம் சொல்ல முடியாத நடை. நான் எழுதியிருந்தால் 'பணிவுடன்' என்ற சொல்லை அந்த இடத்தில்தான் வைத்திருப்பேன். அதற்குக் கீழே, 'காலஞ்சென்றவருக்கு ஆறு வாரிசுகள் உள்ளனர்' என்று இருந்தது. ஆறு பெயர்கள். மனுக் கொடுக்கிற மகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

என் மனம் அப்போது குளிர்ந்தது. இந்த மனு திரும்பி வரும், ஊர் பேசும், என் படியில் மறுபடி செருப்புகள் சேரும் என்று நினைத்தேன்.

"இது போதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"போதும்மா. சாரே பாத்துட்டாரு. இன்னா சார்?"

நான் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கையெழுத்திட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மனு திரும்பி வரும் என்றுதான் நான் கணக்கிட்டிருந்தேன். எதனால் திரும்பும்? அண்ணன்மார் ஊரிலேயே இருப்பவர்கள். விசாரணைக்கு வருகிறவர் ஆறா என்று கேட்கும்போது அவர்கள் ஆறு என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. மலையிலிருந்து இறங்கி வந்து ஏழு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? என் தர்க்கம் எனக்கு வேண்டிய இடத்தில் போய் நின்றிருக்கிறது. வெளியே வந்து அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். என் வயதில் தெருவில் குரல் உயர்த்துவது அழகல்ல. இருமுறை கூப்பிட வேண்டியதாயிற்று. அவரோடு கடைக்குத் திரும்பி, பட்டியலில் அவர் பெயர் இல்லாததைக் காட்டினேன்.

"ஆறுன்னு அவங்கதானே சார் சொன்னாங்க?" என்றார் கடைக்காரர்.

"கூடப் பொறந்தவங்க ஆறு. பொறந்தவங்க ஏழு."

அவர் அதைக் கைபேசியில் சொன்னார். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. வாரிசுகள் ஏழு பேர்" என்று அது உடனே பதில் சொன்னது.

"இப்ப, ஆறுதான் சரின்னு சொல்லிப் பாரு."

சொன்னார். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. வாரிசுகள் ஆறு பேர்."

எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கவில்லை. "பாத்தியாப்பா? அது எண்ணல. இந்த மாதிரி மனுவுல வழக்கமா எந்த வார்த்தைக்குப் பின்னால எது வரும்னு பாத்து எழுதுது. அந்த வூட்டுக்குள்ள போய்த் தலைய எண்ணியிருந்தா, பேசுறவங்களும் ஒரு தலைன்னு தெரிஞ்சிருக்கும்."

"சரி சார். ஆனா தப்புன்னு சொன்னா ஒத்துக்கினு மாத்திக்கிதுல்ல? உங்க கிளாஸ்ல நாங்க சொன்னா நீங்க மாத்துனதே இல்லியே."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு பேரும் அப்பறமா சண்ட போட்டுக்கோங்க" என்றார் அந்த அம்மாள். "எனக்குப் பன்னண்டு மணிக்கு வெள்ளிமல பஸ்ஸு. விட்டா சாயங்காலம் புள்ளைங்களுக்குச் சோறு ஆவாது. யாரு எழுதினா இன்னா, எம் பேரு அதுல இருக்கணும்."

என் பேனாவைத் திறந்தேன். கடைக்காரர் தம் நாற்காலியை எனக்கு விட்டார். ஒரே மூச்சில், ஒரு சொல் அடிக்காமல் எழுதினேன். வாரிசுகள் ஏழு பேர். ஏழாவது வரியில் அந்த அம்மாளின் பெயர். கடைக்காரர் பார்க்கும்படி தாளைத் திருப்பி வைத்தேன்.

அந்த அம்மாள் குனிந்து படித்தார்.

"நான் அஞ்சாவது சார். நாலு அண்ணனுக்கு அப்பறம் நானு. என்னத் தங்கச்சிங்களுக்குக் கீழ போட்டுகிறீங்களே?"

வயது வரிசையில் எழுதுவதே முறை. நான்கு அண்ணன், இரண்டு தங்கை என்று காதால் கேட்டவன் நான். விடுபட்டதைக் கடைசியில் சேர்த்துவிட்டுப் போவது கையின் பழக்கம். கை அதன் வழியே போயிருந்தது.

"மன்னிக்கணும்மா, நீங்க சொல்றதுதான் சரி" என்றேன்.

கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புதுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மறுபடி எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் என் முகத்தையும் பார்க்கவில்லை, கைபேசியையும் பார்க்கவில்லை. முதல் பெயரில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறங்கி, ஐந்தில் சற்று நிறுத்தி, ஏழு வரைக்கும் எண்ணி முடித்த பிறகுதான் கையெழுத்திட்டார்.