நசீமாவின் வில்லையில் ஈரம்

போன சனிக்கிழமை என் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி சரோஜா, மாடியில் குடியிருக்கும் நசீமா, கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் செல்வராஜ். ஐந்தாவது ஆள் கிடையாது. ஆகவே, குற்றவாளி எங்களில் ஒருவர்தான்!

நசீமா எம்.எஸ்ஸி. இயற்பியல். ஒரு ரூபாய் அளவில் கறுப்பு வில்லை ஒன்றைக் கல்லூரி உலையில் சுட்டு எடுத்திருந்தாள். கடுங்குளிரில் வைத்தால் அதில் மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடுமாம். மேலே காந்தத்தை வைத்தால் அந்தரத்தில் மிதக்கும். முன்பு ஒருமுறை நானே பார்த்தேன் — அரை விரல் உயரம். திங்கட்கிழமை தேர்வுக் குழு முன்னால் அதை மிதக்கவிட வேண்டும். விட்டால்தான் பெங்களூரில் மேல்படிப்பு.

"தண்ணி பட்டா வீணாப் போயிடும் அங்கிள்" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்திருந்தாள். மாடி ஒழுகும். இப்போது வீட்டுக்கு வீடு இறங்கும் புது டி.வி. பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வருகிறதே... அவற்றைச் சேர்த்து ஒரு பாட்டிலில் போட்டு, நடுவில் வில்லையை வைத்து மூடியிருந்தேன்.

சனிக்கிழமை ஒத்திகை. மாட்டுச் சினை ஊசி மருந்து கெடாமலிருக்க ஆஸ்பத்திரியில் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள். செல்வராஜ் பிளாஸ்க்கில் கொண்டுவந்து ஊற்றினார். புகை கிளம்பியது. நசீமா காந்தத்தை வைத்தாள்.

கல்லில் ஒட்டிய தோசை மாதிரி கிடந்தது.

முதல் சந்தேகம் செல்வராஜ் மேல். "ஏம்ப்பா, இது சரக்கா, வெறும் புகையா?"

"அண்ணே, இதை நம்பித்தான் இந்த ஊர்ல கன்னுக்குட்டியே பொறக்குது!"

அடுத்து சரோஜா. "பாட்டிலைத் திறந்தியா?"

"உங்க கடைச் சாமானைத் தொட்டுட்டு யாருங்க பேச்சு வாங்குறது?"

நசீமாவையும் விடவில்லை. "சரியாத்தான் சுட்டியாம்மா?"

அவள் காந்தத்தை எடுத்து வைத்தாள். குளிர் விட்டதும் வில்லையை வெளிச்சத்தில் பார்த்தாள். மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஒரு குழியில் மட்டும் மஞ்சள். முகர்ந்தாள்.

"சந்தன வாசனை வருது அங்கிள்."

ஆயுத பூஜை! ஸ்குரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். இந்த வில்லையை மட்டும் விட்டால் பெண்ணின் பரீட்சைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பாட்டிலிலிருந்து எடுத்து இதற்கும் வைத்தேன். மறுநாள் துடைத்து உள்ளே போட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றவனின் கணக்கு அது — சுட்ட பானை தண்ணீருக்குப் பயப்படுமா?

"பானை வேற, இது வேற அங்கிள். இதுல பேரியம் இருக்கு. ஈரம் பட்டா அது வெளியே வந்து, காத்தோட சேர்ந்து இப்படிப் பூத்துடும்."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தனை மணி நேரம் ஈரமா இருந்துச்சு? சரியாச் சொல்லுங்க."

"எதுக்கும்மா... போலீஸுக்கா?"

"ரிப்போர்ட்டுக்கு!"

சாயங்காலம் வைத்து, காலையில் எடுத்தேன் என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு உப்புத்தாளால் வெள்ளையைத் தேய்த்து எடுத்தாள். செல்வராஜ் மிச்ச நைட்ரஜனை ஊற்றினார். காந்தம் அசைந்தது... ஒரு பக்கம் சாய்ந்தபடி எழுந்தது. ஓர் அரிசி உயரம்!

திங்கட்கிழமையும் அதே அரிசி உயரம்தான். ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டார்களாம். என் சந்தனக் கதையை மணிக்கணக்கோடு சொல்லியிருக்கிறாள். பாஸ். பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

மூன்று பேரைச் சந்தேகப்பட்டேன். மூன்று மன்னிப்பு பாக்கி. நசீமாவிடம் கேட்டாயிற்று. செல்வராஜிடமும் கேட்டாயிற்று. சரோஜா மட்டும்தான் மிச்சம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவள் படிப்பதே இல்லை என்கிறாள்.

நம்பலாமா?