திரும்பி வந்த சீவரம்

பர்மாவில், கியாக்டடா பகுதியில் பஸ் சத்தம் ஓயாத ஒரு தெருவில் எங்கள் கடை இருக்கிறது. நாங்கள் முஸ்லிம்கள். ஆனால் என் வாப்பா காலத்திலிருந்தே விற்பது புத்த பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் சாமான்கள்: அவர்கள் உடுத்தும் அரக்கு நிறச் சீவரம், குடை, விசிறி, சோப்பும் பற்பசையும் அடுக்கிய பிளாஸ்டிக் வாளி. மழைக்காலம் முடிந்து சீவரம் கொடுக்கும் மாதத்தில்தான் வியாபாரம் நன்றாக நடக்கும்.

அப்போது மடங்களில் சீவரம் குவிந்துவிடும். அத்தனையையும் உடுத்த அங்கே ஆள் இல்லை. மிஞ்சியதைத் தரகரிடம் விற்பார்கள், அவர் கடைகளுக்குக் கொண்டுவருவார். இஸ்திரி போட்டு, கண்ணாடித்தாளில் சுற்றிவைப்போம். இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

தின்கன்ஜூனிலிருந்து ஓர் அக்கா வருவார். ஓய்வுபெற்ற டீச்சர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பர்மியரைக் கட்டிக்கொண்டு, புத்த மதத்துக்கு மாறியவர். தமிழ் பேசுவதற்காகவே என் கடைக்கு வருவதாகச் சொல்வார். கணவர் கொரோனாவில் இறந்ததும், அவர் பெயரில் ஒரு சீவரம் வாங்கித் தங்கள் பகுதி மடத்தில் கொடுத்தார்.

மறு வருடமும் சீவரம் வாங்க வந்தார். ஒன்றை விரித்துக் காட்டினேன். ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

“பாய், இது என் சீவரம்.”

“எப்படிக்கா சொல்றீங்க?”

“ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. வீட்டுல அரக்கு நூல் இல்ல. நீல நூல்ல நாந்தான் தைச்சேன். பாருங்க.”

நீலத் தையல் இருந்தது. மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியதால் தரகர் விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வரவழைத்த டீ ஆறிப்போனது.

“யாருமே உடுத்தலையா?”

“உடுத்தின மாதிரி தெரியலக்கா.”

“அப்ப குத்தோ?” புண்ணியத்தைத்தான் பர்மியச் சொல்லில் கேட்டார். “மடத்துப் பொங்ஜி முன்னால தண்ணி ஊத்தி, அந்தக் குத்தோவ எங்க வீட்டுக்காரருக்குத்தான் குடுத்தேன். அவருக்குப் போய்ச் சேர்ந்துச்சா?”

எனக்கு என்ன தெரியும்? ஜகாத்தைக் கொடுத்த கையோடு மறந்துவிட வேண்டும் என்றுதான் வாப்பா பழக்கியிருந்தார். “அந்தப் பொங்ஜிகிட்டயே கேளுங்கக்கா” என்றேன். சீவரத்தை அக்காவிடமே கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பொங்ஜி, மடத்தின் பெரிய பிக்கு, எதையும் மறைக்கவில்லை. மடத்தில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனதால் மிஞ்சிய சீவரங்களை விற்றார்களாம்.

“‘குடுக்கும்போது உன் மனசு சுத்தமா இருந்துச்சுல்ல, குத்தோ அப்பவே வந்தாச்சு’ன்னார். அப்படின்னா துணி எதுக்கு, மனசு மட்டும் போதாதா? சீவரம் குடுத்தா அடுத்த பிறவில உடுப்புக்குக் குறையே இருக்காதுன்னு நீங்கதானே போதிச்சீங்கன்னு கேட்டேன் பாய்.”

“என்ன சொன்னார்?”

“நீலத் தையலத் தடவிப் பார்த்தார். அப்புறம், ‘எனக்கும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க’ன்னார்.”

“உங்களுக்குக் கோபமா?”

“கோபம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணுமே வரல.”

சீவரத்தை மடத்திலேயே விட்டுவிட்டு, இந்தத் தடவையாவது உடுத்தச் சொல்லிக் கேட்டாராம். பிக்கு சரி என்றாராம். உடுத்தினாரா என்று கேட்டேன்.

“பார்க்கல. பார்க்கவும் போறதில்ல.”

அதன்பிறகு அவர் சீவரம் வாங்குவதில்லை. மடத்தில் என்ன தேவை என்று முதலில் விசாரித்துவிட்டு வருகிறார். ஒரு வருடம் ரப்பர் செருப்பு, இன்னொரு வருடம் கொசுவலை. காலையில் பிக்குகள் பாத்திரத்தோடு தெருவில் வந்தால் இப்போதும் சோறு போடுகிறாராம். “வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்குப் போடாம எப்படி பாய்?” குத்தோ என்ற சொல்லை மட்டும் அவர் என்னிடம் மறுபடி எடுக்கவில்லை.

கடையில் நானும் ஒன்றை மாற்றினேன். தரகரிடம் வாங்கும் சீவரங்களைத் தனி அடுக்கில் வைத்து, மடத்திலிருந்து வந்தவை என்று சொல்லியே விற்கிறேன். விலையும் குறைவு. அதே துணி, அதே சாயம். அனேகம் பேர் தொட்டுப் பார்க்கிறார்கள். வேறொருவர் ஏற்கெனவே புண்ணியம் எடுத்துக்கொண்டது தங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். புதியதை எடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன்.