ஜெபக்குழுவுக்குக் கொண்டுபோன சுண்டல்

கடலூரிலிருந்து கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த எனக்கு, வியாழக்கிழமை ஜெபக்குழுதான் ஊரில் கிடைத்த முதல் சொந்தம். சபைக்காரர் ஒருவர் வீட்டில் கூடுவோம். ஜெபம் முடிந்ததும் டீ, பலகாரம். பலகாரம் வாரத்துக்கு ஒரு வீட்டார் பொறுப்பு. 2009இல் என் முறை வந்தபோது நவராத்திரி.

மசால்வடை சுடுவதாகச் சொல்லியிருந்தேன். ஊறிய பருப்பை மிக்சியில் போடப் போகும்போது கரண்ட் போய்விட்டது. அப்போதெல்லாம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்று புலம்பியதைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டார். அவர் வீட்டுக்காரருக்குக் கோயில் கீழ சன்னதியில் பூக்கடை. உள்ளே போனவர், ஒரு தூக்கு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலோடு வந்தார்.

“கொலுவுக்குப் பண்ணது. படைக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தனியா எடுத்துட்டேன். படைச்சத உங்க ஆளுங்க சாப்ட மாட்டாங்கல்ல.”

என் இடுப்பில் குழந்தை இருந்ததால் தூக்கை அவரே சுமந்துகொண்டு கூட வந்தார். ஜெபம் முடியும்வரை கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

எல்லாருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தேங்காய் தூக்கலாகப் போட்ட சுண்டல். ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். ஜெபம் நடந்த வீட்டம்மா, “நல்லாருக்கே, நீயா பண்ண?” என்றார்.

“இல்லம்மா, இவுங்கதான்” என்று பெருமையாக அக்காவைக் காட்டினேன்.

அவர் கண் அக்காவின் குங்குமத்தில் நின்றது. “கொலு சுண்டலா?”

“படைக்கலம்மா. அதுக்கு முன்னயே எடுத்து வச்சிட்டேன்” என்று அக்காவே சொன்னார்.

“அதுக்கில்ல…” என்றபடி அந்தம்மா தட்டைக் கீழே வைத்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மெதுவாகத்தான் வைத்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் வைத்தார்கள். வாயில் போட்டிருந்த ஒருவர் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறினார்.

“அவுங்கதான் படைக்கலன்னு சொல்றாங்கல்ல?” என்றேன். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் தின்றேன். அக்கா தன் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மிச்சச் சுண்டலோடு தூக்கு கனத்தது. “உப்பு ஜாஸ்தியாப் போச்சு போல” என்றார் அக்கா. உப்பு சரியாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். “இல்லக்கா” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்தம்மா எப்போதும்போலப் பாசமாகப் பேசினார். சுண்டலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானோ, அக்கா வாசலில் நின்றால் வெளியே வரவே தயங்கினேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ நின்ற இடத்திலேயே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வாயேன்.”

போனேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.